கோளமா, கோலா? அடுக்கு நானோ அமைப்புக்குத் தாவர வைரஸைத் தேர்வு செய்தல்

தாவர வைரஸ்களை அடுக்கி மெல்லிய படலம் கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒட்டும் வேதியியலில்தான் தொடங்குகிறார்கள்: பயோட்டினா (ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தை இறுகப் பற்றும் சிறு மூலக்கூறு), மின்சுமையா, கிளிக் வினையா (அசைடு, அல்கைன் என்ற இரு வேதிக்குழுக்களை இணைப்பது) என்று. அதற்கு முன்னால் தீர வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. துகள் உருண்டையா, நீண்டதா? ஒட்டும் முறை எத்தனை அடுக்கு ஏறும், அது எவ்வளவு இறுகும் என்பதைத் தீர்மானிக்கும். அடுக்கு என்ற ஒன்று உருவாகுமா என்பதையே வடிவம் தீர்மானித்துவிடும்.

இதற்கான தெளிவான சான்று 2008இல் வந்தது. இங்கிலாந்தில் நார்விச்சின் ஜான் இன்னஸ் மையத்தைச் சேர்ந்த நிக்கோல் ஸ்டைன்மெட்ஸ், ஜார்ஜ் லோமனோசாஃப், டேவிட் எவன்ஸ் உள்ளிட்டோர் ஒரே பாலிஎலக்ட்ரோலைட் (மின்சுமையுள்ள நீள்சங்கிலிப் பாலிமர்) படலத்தில், ஒரே நிலைமைகளில், இரண்டு வைரஸ்களை வைத்துப் பார்த்தார்கள். உருண்டை வடிவத் தட்டைப்பயறு மொசைக் வைரஸ் படலத்துக்குள் அடுக்கடுக்காகப் பதிந்தது. கோல் வடிவப் புகையிலை மொசைக் வைரஸ் உள்ளே தங்காமல் மேலே ஒதுங்கி, மேற்பரப்பில் தனி அமைப்பாக நின்றது. இந்த ஒரு முடிவைத் தெரிந்துகொண்டால், கோல்களை ஐந்து அடுக்கு போட்டுவிட்டோம் என்று நம்பி வெட்டுமுகப் படத்தில் ஏமாறுவதைத் தவிர்க்கலாம்.

கையில் உள்ள வைரஸ்கள்

தட்டைப்பயறு மொசைக் வைரஸ், சுருக்கமாக சிபிஎம்வி, ஏறத்தாழ 30 நானோமீட்டர் விட்டமுள்ள இருபது முக உருண்டை. பெரிய உறைப்புரதம் (42 கிலோடால்டன்), சிறிய உறைப்புரதம் (24 கிலோடால்டன்) ஆகியவை தலா 60 பிரதிகளாகச் சேர்ந்து ஓடு கட்டுகின்றன. ஓர் அலகுக்கு 5 லைசின்கள் (அமீன் குழு உள்ள அமினோ அமிலம்) கரைசலை நோக்கி நிற்கின்றன. ஆகவே ஒரு துகளுக்கு 300 அமீன் குழுக்கள், மரபணுவைத் தொடாமலேயே கிடைக்கின்றன. 60 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் தாங்கும், pH 3.5 முதல் 9 வரை உருக்குலையாது. பாதிக்குப் பாதி டைமெத்தில் சல்பாக்சைடிலும் ஓடு கலையாது. வேதிவினை செய்பவருக்கு இந்தக் கடைசிக் குணம் பெரிய வசதி, ஏனென்றால் நீரில் கரையாத வினைப்பொருள்களையும் தைரியமாகச் சேர்க்கலாம். ஒரு கிராம் இலையிலிருந்து ஒரு மில்லிகிராம் அளவில் வைரஸ் கிடைக்கும்.

புகையிலை மொசைக் வைரஸான டிஎம்வி 300 நானோமீட்டர் நீளம், 18 நானோமீட்டர் அகலம் கொண்ட விறைத்த கோல். நடுவில் 4 நானோமீட்டர் துளை. ஒரே புரதம், 2130 பிரதிகள், சுருளாக அடுக்கப்பட்டிருக்கும். விளைச்சலில் இதை மிஞ்ச ஆளில்லை. நன்றாகத் தொற்றிய இலையில் ஒரு கிராமுக்குப் பல மில்லிகிராம் வரும். ஆனால் இயற்கை வகையின் வெளிப்புறத்தில் வசதியான லைசின் கிடையாது. வெளியே 139ஆம் இடத்து டைரோசின், உள்துளையில் 97, 106ஆம் இடத்து குளூட்டமேட்டுகள், இவைதான் பிடிமானங்கள். அமீன் வேதியியல்தான் வேண்டுமென்றால் புரதத்தின் வால்முனையில் லைசின் செருகிய மரபுமாற்ற வகையை வளர்க்க வேண்டும்.

தட்டைப்பயறையே தாக்கும் இன்னொரு வைரஸ் சிசிஎம்வி (கௌபீ குளோரோடிக் மாட்டில் வைரஸ்). 28 நானோமீட்டர் உருண்டை, 180 பிரதிகள். சிபிஎம்வியோடு பெயரளவில் நெருக்கம், நடத்தையில் நேரெதிர். கால்சியம் போன்ற இருமின்சுமை அயனிகள் இல்லாமல் pH 6.5க்கு மேல் போனால் ஓடு சுமார் 10 சதவீதம் உப்பி, 2 நானோமீட்டர் அளவுள்ள 60 துளைகள் திறக்கும். pH 7.5இல் 1 மோலார் உப்பு சேர்த்தால் துகள் பிரிந்தே விடும். pH 5க்கு இறக்கினால் புரதங்கள் மறுபடி கூடி ஓடு கட்டும். உள்ளே சரக்கு ஏற்ற வேண்டியவருக்கு இது வரம். நிலையான படலம் வேண்டியவருக்குத் தலைவலி.

உருளைக்கிழங்கு எக்ஸ் வைரஸ் (பிவிஎக்ஸ்) 515 நானோமீட்டர் நீளமும் 13 நானோமீட்டர் தடிமனும் உள்ள வளையும் இழை. அடுக்குப் படலத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். குறுகிய பிப்பெட் நுனியில் வேகமாக இழுத்தாலே உடையும், செறிவு கூடினால் பின்னிக்கொள்ளும். உடலுக்குள் செலுத்தும் ஆய்வுகளில் அதற்கு மதிப்பு உண்டு. அது வேறு கதை.

கோல் ஏன் மேலே வருகிறது

பலவீனமான பாலிஎலக்ட்ரோலைட்டுகளால் கட்டிய படலம் உறைந்து நிற்பதில்லை. சங்கிலிகள் அடுக்குகளுக்கிடையே மேலும் கீழும் நகர்கின்றன. எதிர்மின்சுமையுள்ள வைரஸ் நேர்மின்சுமைப் பாலிமரோடு பிணைந்து இருந்தாலும், பின்னால் வரும் எதிர்மின்சுமைப் பாலிமர் அந்தப் பிணைப்புக்குப் போட்டி போடும். வளையும் சங்கிலி தன் மின்சுமைகளை எதிராளியின் சங்கிலியோடு நெருக்கமாகப் பொருத்திக்கொள்ளும். விறைத்த 300 நானோமீட்டர் கோலால் அது முடியாது. சங்கிலிகள் ஒன்றோடொன்று சேரச் சேர, கோல் மேற்பரப்புக்குத் தள்ளப்படுகிறது. அங்கே கோல்கள் ஒன்றையொன்று விலக்கி, பக்கவாட்டில் வரிசை பிடிக்கின்றன. எம்13 என்ற பாக்டீரியா வைரஸை வைத்து 2006இல் எம்ஐடியில் பாலா ஹேமண்ட், ஆஞ்செலா பெல்ச்சர் குழுவினர் காட்டியதும் இதே போக்குதான். சங்கிலிகள் அதிகம் நகராத பாலிமர் ஜோடியைத் தேர்ந்தால் வெளியேற்றம் குறையும். கூடவே மேற்பரப்பின் ஒழுங்கும் போய்விடும்.

இதை நாம் குறையாகப் பார்ப்பதில்லை. மேற்பரப்பில் ஒரே ஒரு ஒழுங்கான கோல் படுகை வேண்டுமென்றால், பாலிமர் படலத்தையே வரிசைப்படுத்தும் கருவியாக வைத்துக்கொள்ளலாம். கோல்களைப் பல அடுக்காகப் புதைக்க நினைக்கும்போதுதான் சிக்கல்.

மின்சுமையா, பயோட்டினா

உருண்டைத் துகள் என்று முடிவானபின் ஒட்டும் முறைக்கு வரலாம். நடைமுறையில் நிற்பவை இரண்டு.

மின்சுமை முறை மலிவு, வேகம். நேர்மின்சுமைப் பாலிமர் (பாலிஅல்லைலமீன், பாலிஎத்திலீனிமைன் போன்றவை) மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம், வைரஸ் 0.1 முதல் 0.5 மில்லிகிராம், ஒவ்வொன்றிலும் 10 முதல் 20 நிமிடம், நடுவில் மூன்று அலசல். தடிமனான, கஞ்சத்தனமில்லாத படலம் ஏறும். ஆனால் ஓர் அடுக்கில் எத்தனை துகள் என்பது உங்கள் கையில் முழுமையாக இல்லை. உப்பின் அளவு அதை ஆட்டிப் படைக்கும்: 1 மில்லிமோலாரில் மின்சுமையின் வீச்சு 10 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு; 10 மில்லிமோலாரில் 3; 150 மில்லிமோலாரில் 0.8 நானோமீட்டர். உப்பு மிகக் குறைந்தால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி அடுக்கு அரைகுறையாக நிற்கும். அதிகமானால் பாலிமரோடு உள்ள பிடிப்பே தளர்ந்து, அலசும்போது துகள் கழன்று வரும். 10 முதல் 50 மில்லிமோலார் உப்பில் தொடங்குங்கள்.

இந்த முறையில் அடிக்கடி நடக்கும் கோளாறு, வைரஸுக்குப் பழகிய பாஸ்பேட் பஃபரையே பாலிமருக்கும் பயன்படுத்துவது. பாஸ்பேட் அயனி பல அமீன்களை ஒன்றாகக் கட்டிப் பாலிஅல்லைலமீனைத் திரள வைக்கும். கரைசல் லேசாகக் கலங்கியதும் வைரஸ் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் கெட்டது பாலிமர் கரைசல். இரண்டையும் ஹெப்பஸ் அல்லது அசிட்டேட் பஃபருக்கு மாற்றினால் தீரும். அடுத்தது அலசலில் சோம்பல். ஒட்டாத பாலிமர் துளியளவு மீந்தாலும், அடுத்து வரும் வைரஸைக் கரைசலிலேயே பாலம் போட்டுத் திரட்டிவிடும். அந்தத் திரள்கள் படலத்தின்மேல் விழுந்தால், அணுவிசை நுண்ணோக்கியில் மேடுகளாகத் தெரியும்.

பயோட்டின்–ஸ்ட்ரெப்டாவிடின் முறை நேர்மாறு. செலவும் வேலையும் அதிகம், ஆனால் ஒவ்வொரு அடுக்கையும் எண்ணலாம். ஸ்ட்ரெப்டாவிடினின் நான்கு பிணைப்பிடங்கள் எதிரெதிர் முகங்களில் இரண்டிரண்டாக இருப்பதால், கீழே ஒரு வைரஸையும் மேலே ஒரு வைரஸையும் அது இயல்பாகப் பிடிக்கும். பிணைப்பு கிட்டத்தட்ட மீளாதது என்பதால் அலசலில் இழப்பில்லை. பாலிமர் சங்கிலி இல்லாததால் அடுக்குகளுக்கிடையே நகர்வும் இல்லை. பயோட்டினுக்கும் வைரஸுக்கும் இடையிலுள்ள இணைப்பின் நீளம், துகளுக்கு எத்தனை பயோட்டின் என்ற எண்ணிக்கை, இவை இரண்டையும் மாற்றிப் படலத்தின் விறைப்பைச் சரிசெய்யலாம். மின்சுமை முறையில் இந்தக் கட்டுப்பாடு கிடைக்காது.

டிஎன்ஏ இழைகளால் இணைப்பதும் சாத்தியம். சிபிஎம்வியில் ஒன்றுக்கொன்று பொருந்தும் இழைகளை மாட்டி, சூடாக்கினால் பிரியும், குளிர்ந்தால் சேரும் திரள்களை 2004இலேயே செய்துவிட்டார்கள். மீளும் தன்மை தேவையில்லாத படலத்துக்கு அந்தச் செலவு வீண்.

எண்ணி அடுக்க வேண்டிய எந்த வேலைக்கும் நம் தேர்வு சிபிஎம்வியும் பயோட்டினும்தான். தடிமன் மட்டும் போதும், எண்ணிக்கை முக்கியமில்லை என்றால் மின்சுமை.

சிபிஎம்வி–ஸ்ட்ரெப்டாவிடின் அடுக்கு: செய்முறை

முதல் ஜோடி இலைகள் விரிந்த தட்டைப்பயறு நாற்றில் கார்போரண்டம் தூள் தூவி, வைரஸ் கரைசலை மெல்லத் தேய்த்துத் தொற்ற வைப்பது வழக்கம். இரண்டு மூன்று வாரத்தில் இலைகளைப் பறித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிட்டால், நேரம் கிடைக்கும்போது பிரித்தெடுக்கலாம். இலை எடையைப் போல் இரண்டு மடங்கு குளிர்ந்த 0.1 மோலார் பொட்டாசியம் பாஸ்பேட் (pH 7.0) சேர்த்து அரைத்து, மஸ்லின் துணியில் வடிகட்டி, 18,500 ஜியில் (புவியீர்ப்பின் மடங்கு) 20 நிமிடம் சுழற்றவும். மேல்நீரோடு குளோரோபார்ம்–பியூட்டனால் சமகலவை சேர்த்துக் குளிரில் கலக்கினால் இலைப் புரதமும் பச்சையமும் நடுப்படலத்தில் தங்கிவிடும். நீர்ப்பகுதியை எடுத்து 0.2 மோலார் உப்பும் 8 சதவீதம் பாலிஎத்திலீன் கிளைக்கால் 8000மும் சேர்த்தால் வைரஸ் வீழ்படியும். அதை 0.01 மோலார் பாஸ்பேட்டில் கரைத்து, 10–40 சதவீதச் சர்க்கரைச் சரிவில் (அடியை நோக்கிச் செறிவு கூடும் கரைசல்) அதிவேக மையவிலக்கில் ஓட்டினால் ஒளிச்சிதறலில் பட்டைகள் தெரியும். இரண்டு பட்டை வந்தால் பதற வேண்டாம். இந்த வைரஸின் இரு ஆர்என்ஏக்களும் தனித்தனித் துகள்களில் இருக்கின்றன. எடை வேறு என்பதால் பட்டையும் வேறு. ஓடு இரண்டிலும் ஒன்றேதான்.

சரிவுப் படியைத் தவிர்க்கச் சிலர் ஆசைப்படுவார்கள். மீந்த பாலிஎத்திலீன் கிளைக்கால் பரப்பில் ஏறி வைரஸை ஒட்டவிடாமல் செய்யும் என்பதால், அடுக்கு வேலைக்கு அந்தச் சிக்கனம் கூடாது.

செறிவை 260 நானோமீட்டர் ஒளியுறிஞ்சலில் அளக்கலாம். சிபிஎம்விக்குக் குணகம் 8.1 (மி.லி./மி.கி. செ.மீ.), டிஎம்விக்கு 3.0. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் செறிவில் 2.7 மடங்கு பிழை, அதே பிழை பயோட்டின் விகிதத்திலும் ஏறும். 260/280 விகிதம் தூய சிபிஎம்விக்கு 1.7 முதல் 1.9, டிஎம்விக்கு 1.2 சுற்றுவட்டாரம். டிஎம்வியில் ஆர்என்ஏ எடையில் 5 சதவீதமே என்பதால் அந்த 1.2 இயல்பானது, 1.8 வரவில்லை என்று நல்ல மாதிரியைக் கொட்டிவிட வேண்டாம். 320 நானோமீட்டரில் உறிஞ்சல் தெரிந்தால் திரளோ இலைப் பாலிபீனாலோ இருக்கிறது என்று பொருள்.

பயோட்டின் மாட்டக் கணக்கு எளிது. துகளின் மோலார் எடை 56 லட்சம் என்பதால் 1 மில்லிகிராம் சிபிஎம்வி 0.18 நானோமோல். துகளுக்கு 2000 மடங்கு என்று வைத்தால் 0.36 மைக்ரோமோல், அதாவது என்எச்எஸ் எஸ்டர் வகைப் (அமீனோடு வினைபுரியும்) பயோட்டின் ஏறத்தாழ 0.2 மில்லிகிராம் போதும். வைரஸை மில்லிலிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராமாக pH 7.0–7.4 பாஸ்பேட்டில் வைத்து, புதிதாகக் கரைத்த எஸ்டரை மொத்தக் கன அளவில் 10 சதவீதம் டைமெத்தில் சல்பாக்சைடு இருக்குமாறு சேர்த்து, அறை வெப்பத்தில் ஓரிரவு விடவும். டிரிஸ், கிளைசின் உள்ள பஃபர் கூடவே கூடாது. அவற்றின் அமீன் எஸ்டரை முதலில் தின்றுவிடும். எஸ்டரை நீரில் கரைத்து வைத்துவிட்டுத் தேநீருக்குப் போய்வந்தால் ஒரு பகுதி நீராற்பகுப்பில் போயிருக்கும்.

அடுத்த படியில்தான் பலர் தடுக்கி விழுவது: வினையாற்றாத பயோட்டினை நீக்குவது. 100 கிலோடால்டன் வடிகட்டியில் ஒருமுறை சுழற்றிவிட்டுச் சுத்தம் என்று நம்பினால், மீந்த சிறுமூலக்கூறு ஸ்ட்ரெப்டாவிடினின் இடங்களைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடுக்கை ஏறவிடாது. முதல் அடுக்கு நன்றாக ஏறி, இரண்டாவது பாதியாகி, மூன்றாவது நின்றுபோனால் முதல் சந்தேகம் இதன்மேல் இருக்கட்டும். டயாலிசிஸ் இரண்டு மூன்று முறை பஃபர் மாற்றி, அதன்பின் சர்க்கரைப் படுகையின் வழியே அதிவேக மையவிலக்கு. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் நம்பலாம்.

தங்கப் பரப்பை யுவி–ஓசோனில் 10 நிமிடம், பிறகு நீர்–அம்மோனியா–ஹைட்ரஜன் பெராக்சைடு 5:1:1 கலவையில் 75 டிகிரியில் 5 நிமிடம் வைத்துக் கழுவவும். அதில் பயோட்டின் முனையுள்ள தயாலையும் (தங்கத்தில் ஒட்டும் கந்தகச் சேர்மம்), எத்திலீன் கிளைக்கால் முனையுள்ள தயாலையும் கலந்து ஒற்றையடுக்கு ஏற்றவும். பயோட்டின் தயால் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். முழுக்கப் பயோட்டினாக வைத்தால் ஸ்ட்ரெப்டாவிடின் நெருக்கடியில் சரியாக அமராது. பின் மில்லிலிட்டருக்கு 25–50 மைக்ரோகிராம் ஸ்ட்ரெப்டாவிடின் 30 நிமிடம், அலசல், பயோட்டின் ஏற்றிய வைரஸ் 0.1 மில்லிகிராம் 30–60 நிமிடம், அலசல், மறுபடி ஸ்ட்ரெப்டாவிடின். இப்படியே மாற்றி மாற்றி.

வைரஸ் செறிவை ஏன் 0.1க்குக் கீழே இறக்கக் கூடாது? 30 நானோமீட்டர் துகளின் விரவல் குணகம் நொடிக்குச் சுமார் 16 சதுர மைக்ரோமீட்டர். அசையாத கரைசலில் 30 நிமிடத்தில் பரப்பை எட்டக்கூடியது, 0.1 மில்லிகிராம் செறிவில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மைக்ரோகிராம் போல. அதே நேரத்தில் 0.01 மில்லிகிராமில் 0.2 மைக்ரோகிராம்தான். ஓர் அடுக்குக்குத் தேவை எவ்வளவு? 28 நானோமீட்டர் விட்டமெனக் கொண்டு இறுக்கமாக அறுகோணமாய் அடுக்கினால் 1.4 மைக்ரோகிராம். ஒட்டிய இடத்திலேயே நிற்கும் துகள்கள் தாறுமாறாக விழுந்தால் பரப்பில் 55 சதவீதம் நிரம்பியதும் இடம் முடிந்துவிடும், அது 0.83 மைக்ரோகிராம். ஆக நீர்த்த கரைசலில் 30 நிமிடம் வைத்து எடுப்பது கால்வாசி அடுக்குதான். பாய்ச்சும் அறை வைத்திருந்தால் இந்தக் கவலை குறையும்.

குவார்ட்ஸ் படிக நுண்தராசில் (படிகத்தின் அதிர்வெண் இறக்கத்தை வைத்து ஒட்டிய எடையைச் சொல்லும் கருவி) இதை நேரடியாகப் பார்க்கலாம். 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்துக்கு சதுர சென்டிமீட்டரில் ஹெர்ட்ஸுக்கு 17.7 நானோகிராம் என்ற கணக்கில் 0.83 மைக்ரோகிராம் சுமார் 47 ஹெர்ட்ஸ் இறக்கம். கருவி துகளோடு சிக்கிய நீரையும் சேர்த்து எடைபோடுவதால் அளவீடு இதைவிட மேலேதான் நிற்க வேண்டும். 47க்குக் கீழே வந்தால் அடுக்கு நிச்சயம் நிறையவில்லை. சிதறல் அளவு (படிக அதிர்வின் ஆற்றல் இழப்பு) அடுக்குக்கு அடுக்கு தாவி ஏறினால் படலம் தளர்வாக, நீர் கோத்து வளர்கிறது. அங்கே எளிய எடைக்கணக்கு பொய் சொல்லும், பாகுமீள்மை மாதிரிக்கு மாற வேண்டும். கட்டாயம் வேண்டிய எதிர்ச்சோதனை ஒன்று: பயோட்டின் இல்லாத சிபிஎம்வியை அதே படியில் விடுவது. அது ஏறினால் நீங்கள் பார்ப்பது பயோட்டின் பிணைப்பு அல்ல, வெறும் ஒட்டல்.

உலர்த்தும்போது பஃபரோடு உலர்த்தினால் உப்புப் படிகங்கள் படலத்தைக் கிழிக்கும். கடைசி அலசல் நீரில், சில நொடி மட்டும். பிறகு நைட்ரஜன் காற்று.

கோல் தேவைப்படும் இடம்

டிஎம்வியை ஒதுக்கிவிட்டோம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே அடுக்கில் மிக அதிகப் பரப்பளவு வேண்டும் என்றால் அதற்கு ஈடு இல்லை. உறைப்புரதத்தில் ஒரு சிஸ்டீனைச் செருகிய வகை தங்கத்தின்மேல் செங்குத்தாக நிற்கும். பக்கவாட்டில் அந்த சிஸ்டீன் மடிப்புக்குள் ஒளிந்திருக்க, கோலின் முனையில்தான் தடையின்றி வெளியே தெரிகிறது என்பது அதற்கான விளக்கம். அந்தக் காட்டின்மேல் பல்லேடியம் விதைத்து, மின்சாரமில்லா முலாமாக நிக்கல் ஏற்றி, மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 2008இல் மின்கல மின்முனை செய்தார்கள். பிறகு அதன்மேல் சிலிக்கான் பூசி லித்தியம் அயனி மின்கலத்துக்கும் கொண்டுபோனார்கள். இங்கே அடுக்கு என்பது வைரஸ்மேல் வைரஸ் அல்ல. வைரஸ், நிக்கல், சிலிக்கான் என்று ஒரே கோலைச் சுற்றிய உறைகள். அடுக்கு நானோ அமைப்பு வேண்டும் என்று வருபவர்களில் பாதிப்பேருக்கு உண்மையில் வேண்டியது இதுதான் என்பது நம் எண்ணம்.

முலாம் படியில் கெடுவது பெரும்பாலும் நேரத்தால். குறைந்தால் கோல்களில் திட்டுத்திட்டாக உலோகம். கூடினால் அண்டைக் கோல்கள் ஒட்டி இடைவெளி மூடி, பரப்பளவுக்காகத் தேர்ந்ததே வீணாகும். ஹைட்ரஜன் குமிழ் கிளம்பும் கரைசலில் மாதிரியைக் கவிழ்த்து வைத்தால் குமிழ் தங்கிய இடமெல்லாம் வெறுமை. சிஸ்டீன் வகைகளைச் சேமிக்கும்போது டைதயோதிரைட்டால் போன்ற ஒடுக்கி சேர்க்காவிட்டால் டைசல்பைடு பாலங்களால் திரளும். சேர்த்ததைத் தங்கத்தில் விடும் முன் நீக்காவிட்டால் டைதயோதிரைட்டால் தானே தங்கத்தை மூடிவிடும்.

டைரோசினில் வேதிவினை செய்வதானால் பனிக்கட்டியில் வைத்துத் தயாரித்த டையசோனியம் உப்பை pH 8.8 போரேட்டில் அரை மணி நேரம் வினைப்படுத்தி, அல்கைன் ஏற்றி, பிறகு செம்பு வினையூக்கிய கிளிக் வினை. இதில் கவனிக்காமல் போகும் பொறி, சேமிப்பில் போட்ட சோடியம் அசைடு. அதுவும் அசைடுதானே, உங்கள் வினைப்பொருளுக்குப் பதில் அது போய் அல்கைனில் உட்காரும்.

சிசிஎம்வி எப்போது

உள்ளே கனிமமோ மருந்தோ ஏற்றி, பிறகு அடுக்க வேண்டும் என்றால் மட்டும். 1998இல் டிரெவர் டக்ளஸும் மார்க் யங்கும் இதன் வீக்கத்தைக் கதவாக வைத்து ஓட்டுக்குள் டங்ஸ்டன் உப்பைப் படிகமாக்கிக் காட்டினார்கள். அடுக்கும்போது pH 5 அசிட்டேட்டை விட்டு வெளியே வரக் கூடாது. pH 7இல் நேர்மின்சுமைப் பாலிமரைச் சந்தித்தால், உப்பிய ஓடு ஆர்என்ஏவைப் பிடித்து வைக்கும் நிலையில் இருக்காது.

படலத்துக்குப் பதில் முப்பரிமாணப் படிகம் வேண்டுமானால் சிசிஎம்வியே முன்னணி. 2013இல் நேர்மின்சுமைத் தங்கத் துகள்களோடு சேர்த்து, ஒரு வைரஸுக்கு எட்டுத் துகள் என்ற விகிதத்தில் ஒழுங்கான படிகம் கிடைத்தது. இங்கே இரண்டையும் நேரடியாகக் கொட்டிக் கலந்தால் உருவமற்ற திரள்தான் மிஞ்சும். உப்பு அதிகமான கரைசலில், அவை ஒட்டாத நிலையில் கலந்து, டயாலிசிஸில் உப்பை மெல்ல இறக்கினால் துகள்களுக்குத் தங்கள் இடத்தைத் தேட நேரம் கிடைக்கும்.

தொற்றும் துகளா, வெற்று ஓடா

இந்த வைரஸ்கள் மனிதரைத் தொற்றுவதில்லை. பயிரைத் தொற்றும். டிஎம்வி உலர்ந்த பரப்பிலும் பல ஆண்டு வீரியம் இழக்காது. தக்காளி, மிளகாய் இரண்டுமே அதன் இரை. பசுமைக்குடில் உள்ள கட்டடத்தில் டிஎம்வி கையாண்டால் உடையும் கையுறையும் தனி, கழிவு முழுவதும் நீராவிக் கலனில், மேசை சோடியம் ஹைப்போகுளோரைட்டில்.

இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் சிபிஎம்விக்கு இன்னொரு வழி உண்டு. புகையிலையின் உறவான நிக்கோட்டியானா பெந்தமியானா இலைகளில் அக்ரோபாக்டீரியத்தை ஊடுருவச் செய்து, ஆர்என்ஏ இல்லாத வெற்று ஓடாகவே உற்பத்தி செய்யலாம். வெளிப்பரப்பும் லைசின்களும் அதே, தொற்று இல்லை, உள்ளே இடமும் காலி. அடுக்கு வேலையைப் புதிதாகத் தொடங்குபவர் தொற்றும் வைரஸுக்கான அனுமதிகளுக்காகக் காத்திருக்க முடியாத நிலையில் இருந்தால் இதையே எடுக்கலாம். ஆனால் பழைய கணக்கு எதுவும் ஒத்துவராது. 8.1 என்ற குணகம் ஆர்என்ஏவுக்குரியது, ஆகவே செறிவைப் புரத அளவீட்டால்தான் பார்க்க வேண்டும். துகளின் எடை 40 லட்சத்தை ஒட்டி இறங்குவதால், பயோட்டின் விகிதத்தையும் நுண்தராசில் எதிர்பார்க்கும் இறக்கத்தையும் அதே விகிதத்தில் திருத்த வேண்டும்: 47 ஹெர்ட்ஸ் இருந்த இடத்தில் வெற்று ஓட்டுக்குக் கீழ்வரம்பு 33 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே வந்தால் அடுக்கு நிச்சயம் நிறையவில்லை.